செத்துப்போன மிளகு குட்டி போட்ட செய்தி

அன்புள்ள பாப்பாவுக்கு, உன் சித்தப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, குளிர் விட்டதா, காய்ந்த ரொட்டியைக் கடித்துவிட்டு ஆராய்ச்சிக்கூடத்து மேஜையிலேயே தலைவைத்துத் தூங்குகிற பழக்கம் போனதா என்றெல்லாம் சித்தி கேட்கச் சொன்னாள். எல்லாரும் நலம் என்று மேலே எழுதிவிட்டேன், எப்போதும் கை தானாக எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும், இந்தத் தடவை அந்த ‘எல்லாரும்’ என்பதிலேயே ஒரு பெரிய வில்லங்கம் உட்கார்ந்திருக்கிறது. சொல்கிறேன், பொறு. முதலில் பார்சலைப் பிரி. மேலே இருப்பது அடுத்த மாசம் அந்தப் பெரிய கூட்டத்தில் பேசும்போது போட்டுக்கொள்ள நீ கேட்ட கோட்டு. அங்கே கடையில் விற்கிற கோட்டெல்லாம் உன்னை முழுசாக விழுங்கிவிட்டுக் கையை மட்டும் வெளியே துப்புகிறது என்றாயே, இது அப்படிச் செய்யாது. என் வேலையைப் பற்றி நானே பேசக் கூடாதுதான், ஆனால் வேறு யார் பேசப்போகிறார்கள், ஆகவே சொல்கிறேன், பூமியில் கோட்டு என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு தோள்பட்டை உட்கார்ந்ததில்லை. எதிர்க்கடை இஸ்திரிக்காரர் இதைத் தேய்க்கும்போது பயபக்தியில் கை நடுங்கியது என்றார். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி ஆடுகிறது, அதனால்தான் என்று பிறகு சொன்னார், அதை விடு. கோட்டுக்கு அடியில் சின்னச் சின்னக் காகித உறைகள் இருக்கின்றன, அவற்றை இப்போது திறக்காதே, கடிதத்தை முடித்துவிட்டுத் திற.

வீட்டுச் செய்தி என்று பார்த்தால் சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, படியேறிப் போய்த் துணி காயப்போடுகிறாள், என்னை ஏற விடுவதில்லை, நான் காயப்போட்டால் மழை வருமாம். தையல் மெஷினுக்குப் புது பெல்ட் மாற்றினேன், இப்போது அது ஓடுகிற வேகத்தில் கடையே ஒரு நாள் கிளம்பி மூன்றாவது தெருவுக்குப் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. நம் கிடா கவர்னர் சௌக்கியம். அவருடைய கொம்பு வளர்கிற வளர்ச்சிக்கு இன்னும் ஒரு வருஷம் போனால் மேகத்தை விலக்கிவிட்டுத்தான் நடக்க வேண்டும். போன வாரம் கயிற்றை அறுத்துக்கொண்டு கடைக்குள் வந்து, ஒரு பாங்கு மேனேஜர் தைக்கக் கொடுத்திருந்த பேண்ட்டில் வலது காலை மட்டும் ருசி பார்த்திருக்கிறார். இடது காலை மதிக்கவே இல்லை. மேனேஜர் வந்து கேட்டபோது இப்போதெல்லாம் இதுதான் சார் மோஸ்தர் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை.

இப்போதுதான் சித்தி வந்து எட்டிப் பார்த்தாள். கவர்னர் கொம்பு, கவர்னர் தின்ற பேண்ட் எல்லாம் ஆச்சே, விஷயத்துக்கு வந்தாச்சா என்று கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். சாயங்காலம் கூரியர்காரர் வருவதற்குள் எழுதி முடிக்காவிட்டால் தானே உனக்கு போன் போட்டுச் சொல்லிவிடப் போவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை வைத்தாள். வைத்த சத்தம் உனக்கே அங்கே கேட்டிருக்கும். போனில் சொல்ல நானும் இரண்டு தடவை முயற்சி செய்தேன் பாப்பா. இரண்டு தடவையும் நீ ஹலோ என்றதும் வாய் தானாக அங்கே மழையா என்று கேட்டுவிட்டது. பேசிப் பேசியே பிழைத்த இந்த வாய் இதற்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

மிளகு சாகவில்லை.

மிளகு மட்டுமில்லை, அதையும் சேர்த்துக் காய்ச்சலில் செத்துப்போனதாக நான் சொன்ன ஏழு குட்டிகளும் சாகவில்லை. ஏழும் பின்பக்கக் கொட்டகையில் இருக்கின்றன. நன்றாகத் தின்கின்றன, நன்றாகக் கத்துகின்றன, சித்தியின் பழைய புடவை ஒன்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கின்றன. முந்தாநாள் மத்தியானம் மிளகு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

நீ இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடப்பாய் என்று தெரியும். நடந்துவிட்டு வா. இனி ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீ லீவுக்கு வந்திருந்தபோது குட்டிகள் பிறந்தன, நீயே ஒவ்வொன்றுக்கும் காதில் மஞ்சள் நம்பர் மாட்டினாய், வால் பக்கத்து முடியை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு எடுத்துப்போனாய், தாய் சேர்க்காத மிளகுக்கு மட்டும் புட்டியில் பால் கொடுத்து மடியில் வைத்துக்கொண்டே திரிந்தாய். போகும்போது என்னிடம் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. மாசாமாசம் காலையில் தீனி வைக்கறதுக்கு முன்னாடி எடை, தோள் உயரம், உடம்பு நீளம், நெஞ்சுச் சுற்றளவு நாலும் எடுக்கணும் சித்தப்பா, கவர்னருக்குப் பிறந்தது ஒண்ணையும் விடக்கூடாது, நல்லது கெட்டது நீங்க பாக்காதீங்க, இருக்கறது இருக்கறபடி வேணும் என்றாய். அளவெடுப்பதில் என்னை விட்டால் ஆள் உண்டா என்று நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போஸ் கொடுத்தேன், நீகூடப் படம் எடுத்தாய். அங்கேதான் பாப்பா தப்பு ஆரம்பித்தது. நீ கேட்டது ஒரு அளவு. நான் ஆயுசு பூராவும் எடுத்தது வேறு அளவு. தையற்காரன் தொழிலில், ஒருவர் இடுப்பு நாற்பது இருந்தால் வாயால் முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டுத் துணியை நாற்பதுக்கு வெட்டுவேன். அவருக்கும் சந்தோஷம், பேண்ட்டும் ஏறும். ஆளை அளக்கிறோம் என்று பேர், அவர் மானத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. அதே புத்தியோடு ஆட்டுப் பட்டிக்குள் போனேன்.

நாலாவது மாசம் பார்த்தால் மற்றதெல்லாம் நெடுநெடுவென்று ஏறிக்கொண்டிருக்கிறது, இந்த ஏழு மட்டும் உடம்பு இருக்கிறது, கால் வளரவே இல்லை. கதவுக்கடியில் புகுந்து வெளியே போகிற உயரம். கவர்னருடைய பிள்ளைகளா இவை என்று நாலு பேர் கேட்டால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது. நீயும் அந்தச் சமயம் பார்த்து, உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய மேடம் நம் ஆடுகளின் படத்தைப் பார்த்து என்ன கம்பீரம் என்று சொன்னார்கள் என்று சொல்லித் தொலைத்தாய். உன் ஆராய்ச்சி என்றால் என்னவென்று எனக்கு அப்போது புரிந்தது இவ்வளவுதான், நம் வீட்டு ஆட்டை உலகத்துப் பெரிய மனுஷங்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள், அங்கே என் பிள்ளை தலை குனிந்துவிடக் கூடாது. தெருவில் அந்த மாசம் நிஜமாகவே சளிக் காய்ச்சல் வந்து ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன. ஏழையும் பின்கொட்டகைக்கு மாற்றிவிட்டு, மாசாமாசம் உனக்குக் கணக்கு அனுப்புகிற நம் மாட்டு டாக்டரிடம், காய்ச்சலில் போய்விட்டன டாக்டர் என்றேன். அவர் நாலு தெரு அலைந்து களைத்துப்போய் வந்திருந்தார், நம்பரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். சித்தியிடம், பெரிய ஆடுகள் தீனித் தொட்டியில் இதுகளை இடிக்கின்றன, அதனால் பிரித்து வைத்தேன் என்றேன். எவ்வளவு இரக்கமான மனுஷன் என்று அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ மிளகுக்காக போனில் அழுதாய். நான் ஆறுதல் சொன்னேன், சித்தியிடம் இந்தப் பேச்சை எடுக்காதே, அவள் தாங்கமாட்டாள் என்று வேறு சொல்லிவைத்தேன். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாய், கிணற்றடி மரத்துக்குப் பக்கத்தில் என்றேன். அதோடு விட்டேனா, கவர்னர் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று மூன்று நாள் பட்டினியாக நின்றார் என்றேன், கடைசியில் நானே கெஞ்சித் தழையைக் கையால் ஊட்டினேன் என்றேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது, சத்தியமாகக் கலங்கியது. அந்த நேரத்தில் மிளகு என் காலடியில் நின்றுகொண்டு என் பாக்கெட்டிலிருந்து தொங்கிய டேப்பைத் தின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் நீ சந்தோஷத்தில் மூச்சு வாங்கப் பேசினாய். செத்துப்போன ஏழின் முடியிலும் நான் தேடிக்கிட்டிருந்த, ஆட்டைக் குட்டையாக்கற அந்த ஜீன் இரண்டு பக்கமும் இருக்கிறது, அப்பன்கிட்ட ஒண்ணு தாய்கிட்ட ஒண்ணு, உசுரோட இருக்கற எதுலயும் அப்படி ரெண்டு இல்லை, ஒண்ணுகூடத் தப்பலை சித்தப்பா என்றாய். ரெண்டும் சேர்ந்தா குட்டி குட்டையாப் பிறக்கறது மட்டுமில்லை, நோயைத் தாங்கற சக்தியே இருக்காது, வளர்றதுக்குள்ளயே செத்துப்போயிடும், இதை யாருமே இதுவரைக்கும் காட்டலை என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, எனக்கு அப்பவே தெரியும் என்றேன். எதைக் கேட்டாலும் எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்கிற இந்த நாக்கைத் தைத்துப்போட ஊசி நூல் என் கடையிலேயே இருந்தும் என்ன பிரயோஜனம். நீ கட்டுரையின் கடைசியில், அளவுகளை எடுத்துத் தந்த என் சித்தப்பாவுக்கு நன்றி என்று போட்டு அனுப்பியதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, சட்டை போட்டுப் பார்க்க வந்தவனையெல்லாம் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் கண்ணாடி பார்க்க விட்டேன். உள்ளே மட்டும் ஏதோ ஊசி முனை ஒடிந்து தங்கிவிட்ட மாதிரி. ஆடுதானே, செத்ததாகச் சொன்னது செத்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்து நினைத்தே மாசங்களை ஓட்டினேன்.

முந்தாநாள் மிளகுக்கு வலி எடுத்தது. சின்ன உடம்பு, வயிற்றில் இரண்டு, அதிலும் முதல் குட்டி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டுவிட்டது. கத்தல் என்னால் கேட்க முடியவில்லை. டாக்டரைக் கூப்பிடாவிட்டால் மிளகு நிஜமாகவே போய்விடும், கூப்பிட்டால் நான் போய்விடுவேன். கூப்பிட்டேன் பாப்பா, அந்த ஒரு காரியத்தை மட்டும் யோசிக்காமல் செய்தேன். அவர் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர், காதைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். அப்புறம் தன் போனில் எதையோ தேடிப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணே, இது போன வருஷமே செத்துப்போச்சுன்னு நானே பாப்பாவுக்கு எழுதியிருக்கேன், செத்த ஆடு பிரசவத்துல கத்துது, நான் இப்ப யாருக்கு வைத்தியம் பாக்கறது என்றார். சித்தி வெந்நீர்ச் சட்டியோடு கதவில் நின்றுகொண்டிருந்தாள். சட்டியைக் கீழே போடவில்லை, சினிமாவில்தான் அப்படியெல்லாம். மெதுவாக வைத்துவிட்டு, மற்ற ஆறின் காதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

டாக்டர் குட்டி இரண்டையும் உயிரோடு எடுத்துவிட்டார். கை கழுவும்போதுதான் ஒன்று சொன்னார். நீ கண்டுபிடித்ததை நம்பி, குட்டையாகப் பிறப்பது எப்படியும் பிழைக்காது என்று பால்காரருக்கு இவர் யோசனை சொல்லியிருக்கிறார், பால்காரர் தன் வீட்டில் இருந்த இரண்டு குட்டை ஆட்டுக்குட்டிகளைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லும்போது டாக்டர் என்னைத் திட்டவே இல்லை. சோப்பு இருக்கா என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேற்று நானே பால்காரர் வீட்டுக்குப் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. நீங்க எதையாவது பெருசாச் சொல்வீங்க, படிச்ச புள்ள கண்டுபிடிச்சது தப்பா இருக்குமா என்று எனக்கே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நான் வாழ்க்கையில் கலப்படம் இல்லாமல் ஒரு உண்மையைச் சொன்னது நேற்றைக்குத்தான், அதையும் புளுகு என்று கணக்கில் வைத்துக்கொண்டார்.

குட்டி பிறந்த அன்று சாயங்காலம் சித்தி கடைக்குள் வந்தாள். மேஜையில் உன் கோட்டுத் துணியை வெட்டி, சாக்பீஸால் குறி போட்டு வைத்திருந்தேன். யார் அளவு இது என்று கேட்டாள், தெரியாத மாதிரி. பாப்பா அளவு என்றேன். கையளவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொம்பக் குட்டையா இருக்கே, இதையும் கொண்டுபோய்ப் பின்கொட்டகையில போட்டுடலாமா, பெரிய மனுஷங்க பாக்கற இடமாச்சே என்றாள். சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பாப்பா, நான் யார், உன்னைக் குள்ளி என்று கூப்பிட்ட கணக்கு வாத்தியாருக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு, சார் உங்க தோள்தான் கோணல் என்று சாதித்தவன். ஒரு சட்டைத் துணியில் என் பிள்ளைக்கு இரண்டு சட்டை ஆகும், உங்கள் ஒட்டகத்துக்கு ஆகுமா என்று பக்கத்து வீட்டில் சண்டைக்குப் போனவன். அண்ணனும் அண்ணியும் போனபிறகு உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு இந்த ஊரே அண்ணாந்து பார்க்கட்டும் என்று திரிந்தவன். கூட்டமாகப் படம் எடுக்கும்போதுகூடக் குட்டையானவர்களைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். நான் அவர்களைப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தி, செத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆடு என்று நினைத்துச் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன், உள்ளுக்குள் யாரும் கேட்கிற மாதிரி இல்லை. அன்று உன் கோட்டின் கையை ஒட்டும்போது இரண்டு தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தேன், கண்ணாடி போட்டும் தையல் தெரியவில்லை.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், உன் கண்டுபிடிப்பில் அந்த ஜீன் குட்டையாக்குகிறது என்பது வரை சரி. சாகடிக்கிறது என்பது நான் போட்ட ஒட்டு. ஏழுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. கூட்டத்துக்கு முன்னால் மேடத்திடம் சொல்லிவிடு, மிளகின் படத்தைப் போட்டு அஞ்சலி மாதிரி பேசப்போகிறேன் என்றாயே, அதை எடுத்துவிடு. டாக்டரும் தன் பங்குக்குத் திருத்தி எழுதி அனுப்புகிறார், பால்காரரிடமும் தானே போய்ச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி சொன்ன இடத்திலிருந்து என் பேரை அடித்துவிடு என்று எழுதலாம் என்று நினைத்தேன். சித்தி விடவில்லை. அடிச்சுட்டா யார் பண்ணின தப்புன்னு எப்படித் தெரியும், புள்ள தலையிலதானே விழும், அங்கேயிருந்து எடுத்துத் தப்பு நடந்த இடத்துல போடச் சொல்லுங்க என்றாள். சரிதான். அப்படியே போடு. மேடம் கேட்டால் என்னை அந்தக் கம்ப்யூட்டரில் கூப்பிடு, டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்கிறேன், ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லமாட்டேன்.

இன்று காலையில் தீனிக்கு முன்னால் ஏழையும் அளந்தோம். சித்தி பக்கத்தில் நின்று எழுதினாள், முடியும் அவள்தான் பிடுங்கிக் கோட்டுக்கு அடியில் இருக்கிற அந்த உறைகளில் போட்டாள், என்னிடம் விடவில்லை. நெஞ்சுச் சுற்றளவு எடுக்கும்போது சித்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்புக்கு உள்ளே எதுக்கு ரெண்டு விரல் என்று கேட்டாள். அப்போதுதான் நானே பார்த்தேன். சட்டை இறுக்கக் கூடாது என்று தையற்காரன் விரல் தானாக உள்ளே போய்விடும், இது புத்தி செய்கிற வேலை இல்லை, கை செய்வது. ஆடு என்ன சட்டையா போடப்போகுது என்றாள். விரலை உருவினேன், அளவு குறைந்தது, குறைந்ததையே எழுதச் சொன்னேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இத்தனை மாசமாக உனக்கு அனுப்பிய ஒவ்வொரு ஆட்டின் நெஞ்சளவிலும் என் இரண்டு விரல் இருக்கிறது பாப்பா. இது யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். உடனே போய்க் கவர்னரை விரல் விட்டு ஒரு தடவை, விடாமல் ஒரு தடவை அளந்தேன், பெரிய ஆடுகள் எல்லாவற்றையும் அதே மாதிரி இரண்டு தடவை அளந்து கூடவே வைத்திருக்கிறேன், எவ்வளவு கழிக்க வேண்டுமோ பார்த்துக் கழித்துக்கொள். கவர்னர் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததைவிடச் சின்ன ஆள்தான்.

உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இரு, நல்லபடியாக மேடையேறிப் பேசு, நேரத்துக்குச் சாப்பிடு. என்னைத் திட்டுவதற்கு போன் எடுக்கும் முன்னால் மேடத்துக்கு எடு, மறந்துவிடாதே. நான் எங்கேயும் போகவில்லை, கடையில்தான் இருப்பேன், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன், மழையைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

படித்துப் பார்த்தேன் கண்ணு. இதில் எதுவும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
சித்தி